ஜன்னலோர இருக்கையில் போன இடது கை: ஒரு பேருந்து விபத்து இழப்பீட்டு வழக்கு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றில் பூச்சந்தையை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரர் இந்த வழக்கின் மனுதாரர். விபத்து நடந்தபோது அவருக்கு 38 வயது. கணவர் கட்டட வேலைக்குப் போகிறவர். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர். விடிவதற்கு முன்பே சந்தைக்குப் போய், மொத்த வியாபாரி ஒருவரிடம் உதிரிப் பூவை எடைபோட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து கட்டிக் கொடுப்பார். கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டுக்கூலி. முகூர்த்த மாதங்களில் கை ஓயாது. ஆடியிலும் மார்கழியிலும் பாதிக் கூலிகூடத் தேறாது.

வழக்கு இலவச சட்ட உதவி வழியாக என்னிடம் வந்தது. ஆட்களையும் ஊரையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டிருக்கிறேன். சட்டம் சம்பந்தப்பட்ட எதையும் மாற்றவில்லை.

விபத்து

2022 ஆவணி மாதம், விடியாத நேரம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். இடது பக்கம் மூன்றாவது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சாலையின் இடது ஓரத்தில் ஒரு லாரி, பாதி தார்ச் சாலையிலும் பாதி மண்ணிலுமாக நின்றிருந்தது. பின்விளக்கு எரியவில்லை, முக்கோணப் பலகையோ கல்லோ எதுவும் வைக்கவில்லை. எதிரே ஒரு வண்டி வந்தது. பேருந்து லாரியைத் தாண்டும்போது அதன் இடது பக்கம் லாரியின் வலது பின் மூலையில் உரசிக்கொண்டு போனது. ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த அவருடைய இடது முழங்கை அந்த இடைவெளியில் நசுங்கியது.

உரசலில் வேறு சிலருக்கும் சிறு காயங்கள். இவருக்கு ரத்தம் நிற்காததால் யாரோ ஷேர் ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். காவல்துறை வந்து காயம்பட்டவர்களின் பெயரை எழுதும்போது இவர் அங்கே இல்லை. இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிதாக வந்து நின்றது.

அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதி, அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். முதல் இரண்டு நாள் சிகிச்சை ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் போனது. 2021 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அதற்கப்புறம் நரம்பு அறுவை சிகிச்சைக்காக உறவினர்கள் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு மாற்றினார்கள். எலும்பு கூடியது. ஆனால் முழங்கையைச் சுற்றிப் போகும் அல்நார் நரம்பு சரியாகத் தேறவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை.

எங்களிடம் வந்தபோது கையில் இருந்தவை

குடும்பம் வந்தது டிசம்பர் மாதம். அதற்குள் இரண்டு பேர் அவர்களைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் லாரி உரிமையாளர் தரப்பு ஆள்: 50,000 ரூபாய் தருகிறோம், முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுங்கள், இதோடு எல்லாம் தீர்ந்தது என்றிருக்கிறார். இன்னொருவர் மருத்துவமனை வாசலில் திரியும் தரகர். வழக்கு நடத்தித் தருகிறேன், வருவதில் பங்கு கொடுத்தால் போதும் என்றிருக்கிறார். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. தரகர்களுக்கு விதியாவது ஒன்றாவது! நல்லவேளையாக, மனுதாரர் இரண்டிலும் கையெழுத்துப் போடவில்லை.

துணிப்பையில் கொண்டுவந்த காகிதங்களைப் பரப்பிப் பார்த்தபோது மூன்று சிக்கல்கள் தெரிந்தன.

முதல் தகவல் அறிக்கை நடத்துநர் கொடுத்த புகாரின் பேரில் பதிவாகியிருந்தது. குற்றம் முழுக்க லாரி ஓட்டுநர் மேல். காயம்பட்டவர் பட்டியலில் இவர் பெயரே இல்லை.

தனியார் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பேருந்திலிருந்து தவறி விழுந்ததில் காயம்’ என்று இருந்தது. அனுமதிக்கும் நேரத்தில் அவசரத்தில் யார் சொன்னதை யார் எழுதினார்களோ! கணவரிடம் கேட்டேன். “அவங்க என்ன எழுதினாங்கன்னு நாங்க படிச்சா பார்த்தோம் சார், பில்லைக் கட்டிட்டு ஆளைக் கூட்டிட்டு வந்தோம்” என்றார். இந்த ஒரு வரி போதும், எதிர்த்தரப்பு ‘ஓடும் பேருந்தில் இறங்க முயன்று அவரே விழுந்தார்’ என்று கதையை மாற்றிவிட.

மூன்றாவது, பயணச்சீட்டு இல்லை. கட்டணமில்லாச் சீட்டு, ரத்தத்தில் நனைந்த புடவையோடு அதுவும் போய்விட்டது.

வலுவான காகிதம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல். ‘அரசுப் பேருந்தில் பயணம் செய்தபோது நின்றிருந்த லாரியில் உரசியதில்’ என்று, விபத்து நடந்து ஒரு மணி நேரத்துக்குள், எந்த வழக்கையும் மனதில் வைக்காத ஒரு பணி மருத்துவர் எழுதியது. மூன்று சிக்கல்களில் இரண்டுக்கு அதிலேயே பதில் இருந்தது. அதை வைத்துக் காவல் நிலையத்தில் மனு கொடுத்தோம். மனுதாரரின் வாக்குமூலத்தையும் காயச் சான்றையும் வாங்கி, இறுதி அறிக்கையின் காயம்பட்டவர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அலைச்சல்தான், ஆனால் விசாரணை முடிவதற்குள் போனதால் நடந்தது. இறுதி அறிக்கை தாக்கலான பிறகு போயிருந்தால் இன்னொரு சுற்று ஆகியிருக்கும்.

எந்த வழியில் போவது

பேருந்தில் காயம்பட்ட ஒருவருக்கு வழிகள் பல என்று தோன்றும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் சில கதவுகள் திறக்காது.

குற்ற வழக்கு ஓட்டுநரைத் தண்டிப்பதற்கு. அது அன்றைக்கு இந்திய தண்டனைச் சட்டம் 279, 338 பிரிவுகளில் ஓடியது. 2024 ஜூலை முதல் நடக்கும் விபத்துகளுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகள். அதில் ஓட்டுநர் அபராதம் கட்டினால் அந்தப் பணம் அரசுக்குப் போகும். காயம்பட்டவர் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. நம் ஊர்த் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்குதான் அது: மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுக்குத் தீர்ப்பாயம்தான் இடம், நுகர்வோர் மன்றம் இல்லை. வேலை நேரத்தில் காயம்பட்ட தொழிலாளிக்கு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்ற மாற்று வழி அன்றைக்கு இருந்தது. இவர் வேலைக்குப் போகிற வழியில் சொந்தப் பயணத்தில் இருந்தவர், பொருந்தாது.

மிஞ்சியவை மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டு பிரிவுகள். 2019 திருத்தத்தின் விபத்து இழப்பீட்டுப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி 164-ஆம் பிரிவில் யார் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம். உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், அவ்வளவுதான். 166-ஆம் பிரிவில் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அதற்கு மேல்வரம்பு இல்லை. உண்மையான இழப்பு எவ்வளவோ அவ்வளவு கேட்கலாம்.

இரண்டையும் அனுபவிக்கலாமா என்றால், முடியாது. 164-இன் கீழ் தொகையை ஏற்றுக்கொண்டால் 166 மனு காலாவதியாகிவிடும் என்று சட்டமே சொல்கிறது. முன்பு 140-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நிரந்தர ஊனத்துக்கு 25,000 ரூபாயை இடைக்கால நிவாரணமாக வாங்கிக்கொண்டே பெரிய வழக்கையும் நடத்தலாம். தொகை சிறிதுதான், ஆனால் அடுப்பெரிய உதவியது. திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். கூலி வேலைக் குடும்பங்களுக்கு இது பெரிய அடி என்பது என் கருத்து. பணத்தேவை கழுத்தை நெரிக்கும்போது இரண்டரை லட்சத்துக்கோ, லாரிக்காரர் நீட்டும் ஐம்பதாயிரத்துக்கோ ஒத்துக்கொள்ளத்தான் தோன்றும்.

இவருடைய வயது, தொழில், கையின் நிலை மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 166-இல் வரக்கூடியது இரண்டரை லட்சத்தைப் போலப் பல மடங்கு. அதற்காக இரண்டு வருடமாவது காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னோம். கணவன், மனைவி, மனைவியின் அண்ணன் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். அண்ணன் பிள்ளைகளின் பள்ளிச் செலவை ஏற்றுக்கொண்டார்; 166-க்கு ஒத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த வழக்கு நடக்க வழி செய்தவர் அவர்தான்.

அடுத்த கேள்வி, காலம். 1994 நவம்பருக்குப் பிறகு விபத்து மனுவுக்குக் காலவரம்பே கிடையாது. ஐந்து வருடம் கழித்து மனுப் போட்டவர்களையெல்லாம் பார்த்திருக்கிறோம். 2022 ஏப்ரலோடு அது முடிந்தது. இப்போது விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு தாக்கலாக வேண்டும். அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பித் தேதியைத் தவறவிடுவது வீண் துணிச்சல். காயச் சான்று முழுதாகக் கைக்கு வருவதற்குள்ளேயே, 2023 ஜனவரியில் மனுவைப் போட்டுவிட்டோம். ஆவணங்களைப் பிறகு சேர்க்கலாம்.

எங்கே போடுவது என்பதில் சிரமம் இல்லை. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்தரப்பு இருக்கும் இடம் ஆகியவற்றில் எதன் எல்லைக்குள் உள்ள தீர்ப்பாயத்திலும் போடலாம். வீட்டுக்குப் பக்கத்திலேயே போட்டோம். பெண் என்பதால் வருமானக் கணக்குப் பார்க்காமலே 1987-ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை.

யார் மேல் தப்பு

பேருந்துக் கழகம் சொன்னது: எங்கள் ஓட்டுநர் மேல் வழக்கே இல்லை, குற்றப்பத்திரிகை லாரி ஓட்டுநர் மேல், விளக்கில்லாமல் நின்ற வண்டி கண்ணில் படவில்லை. லாரியின் காப்பீட்டு நிறுவனம் சொன்னது: நின்ற வண்டி எப்படி மோதும்? வந்து உரசியது பேருந்துதான். நடுவில் பயணி.

இந்த இடத்தில் பயணிக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. இரண்டு வண்டிகளின் கவனக்குறைவால் மூன்றாவது ஆள் காயப்பட்டால் அது கூட்டுக் கவனக்குறைவு. முழு இழப்பீட்டையும் இருவரில் யாரிடமிருந்தும் வசூலிக்கலாம், பங்குச் சண்டையை அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளட்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால் ஒரு பக்கம் சாயாமல் பேருந்துக் கழகம், லாரி உரிமையாளர், லாரியின் காப்பீட்டு நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்தோம். லாரியை மட்டும் சேர்த்து, கடைசியில் தப்பெல்லாம் பேருந்து மேல் என்று முடிவானால் மனுதாரர் வெறுங்கையோடு போக வேண்டியதுதான்.

பேருந்து ஓட்டுநர் சாட்சிக் கூண்டில் ஏறி, லாரி நிற்பதே தெரியவில்லை என்றார். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். பேருந்தின் முன்பக்க இடது மூலையில் ஒரு கீறல்கூட இல்லை. சேதம் முன்படிக்கட்டுக்குப் பின்னாலிருந்து தொடங்கி மூன்றாவது, நான்காவது ஜன்னல் வரை ஓடியிருந்தது. லாரியைப் பார்க்கவே இல்லை என்றால் முதலில் அடிபட வேண்டியது முன் மூலை. முன்பகுதி சுத்தமாகத் தாண்டியிருக்கிறது என்றால், ஓட்டுநர் லாரியைப் பார்த்து வலது பக்கம் ஒதுக்கியிருக்கிறார். எதிர் வண்டியின் வெளிச்சத்தைப் பார்த்ததும், பின்பகுதி தாண்டுவதற்குள் அவசரமாக இடது பக்கம் திருப்பியிருக்கிறார். குறுக்கு விசாரணையில் இதைப் படிப்படியாகக் கேட்டோம். எதிரே வண்டி வந்ததா? வந்தது. வெளிச்சம் தெரிந்ததா? தெரிந்தது. நின்று வழிவிட்டிருக்கலாமா? பதில் இல்லை.

அப்புறம் முழங்கை விவகாரம். கையை வெளியே நீட்டியது அவர் குற்றம், இழப்பீட்டில் பாதியைக் கழியுங்கள் என்றது கழகம். 1974-இல் சட்ட இதழில் வெளியான மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இதற்கு அச்சு அசலாகப் பொருந்தியது. ஜன்னலோரம் உட்காருகிற பயணி விளிம்பில் கை வைப்பதும், அப்போது முழங்கை கொஞ்சம் வெளியே தெரிவதும் ஊரறிந்த வழக்கம். இன்னொரு வண்டியைத் தாண்டும்போது ஓட்டுநர் அந்தப் பயணியையும் மனதில் வைத்து இடைவெளி விட வேண்டும் என்பது அதன் சாரம். நெரிசலான நகரப் பேருந்தில் முழங்கையை வேறு எங்கேதான் வைப்பது?

டிஸ்சார்ஜ் சம்மரியின் ‘தவறி விழுந்து’ வரியைக் கழகம் எதிர்பார்த்தபடியே கையில் எடுத்தது. விபத்துப் பதிவேடு முந்தியது என்பதாலும், முழங்கையின் வெளிப்பக்கம் நசுங்கிய காயம் விழுந்ததால் வருகிற வகை இல்லை என்று எலும்பு மருத்துவர் சொன்னதாலும் அது எடுபடவில்லை. தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும்.

இடது கை

உண்மையான போர் இங்கேதான். மருத்துவக் குழு கொடுத்த ஊனச் சான்று: இடது மேற்கைக்கு 40 சதவீதம். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எத்தனை வகையாகக் கணக்குப் போடலாம் என்று பாருங்கள்.

நம் தீர்ப்பாயங்களில் வெகுகாலமாக இருக்கும் பழக்கம், ஊன சதவீதத்துக்கு 3,000, 5,000 என்று ஒரு விலை வைத்துப் பெருக்குவது. 5,000 என்று வைத்தால் இவருக்கு 2 லட்சம். கழகம் கேட்டது இதைத்தான். மாற்றாக இன்னொன்றும் சொன்னது: 40 சதவீதம் கைக்குத்தானே, முழு உடலுக்கு மூன்றில் ஒரு பங்காக 13 சதவீதம் என்று எடுங்கள்.

2010-இல் உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் வழக்கில் சொன்ன வழி வேறு. மருத்துவச் சான்றில் உள்ள சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றில்லை. காயத்துக்கு முன் அந்த ஆள் என்ன வேலை செய்தார், இப்போது அதில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பார்த்துத் தீர்ப்பாயம் முடிவு செய்ய வேண்டும். இடது கை போன எழுத்தருக்கும் இடது கை போன தச்சருக்கும் இழப்பு ஒன்றாகாது.

அதனால் பூக்கட்டும் வேலையையே நீதிமன்றத்துக்கு விளக்க வேண்டியிருந்தது. அதே சந்தையில் கட்டும் இன்னொரு பெண்ணைச் சாட்சியாக அழைத்தோம். காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் அவரிடம், “வலது கைதானே வேலை செய்யுது, இடது கை சும்மா பிடிக்கத்தானே?” என்று கேட்டார். அந்தம்மா பதறாமல் சொன்னார்: “பிடிக்கிறதுதாங்கய்யா வேலை. நாரையும் பூவையும் எடக்கை விரல் இடுக்குல பிடிச்சு நிறுத்தணும். வலக்கை சுத்தி முடிச்சுப் போடும், அவ்வளவுதான். எடக்கை தளர்ந்தா சரம் அவுந்து மடியில கொட்டிப்போகும்.” பூவைத் தொடுத்துப் பழகியவர்களுக்கு இது தெரிந்ததுதான், சாட்சியமாகப் பதிவானால்தான் தீர்ப்பில் வரும். நீதிபதி மனுதாரரைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்கச் சொல்லி மெல்ல இழுத்தார், தாள் வந்துவிட்டது. அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

வருமானத்துக்கு ஆதாரம் மொத்த வியாபாரியின் கணக்கு நோட்டு. ஆள்வாரியாகத் தேதி, பூ வகை, கிலோ, கூலி, முன்பணம் எல்லாம் பென்சிலில். முதலில் அவர் வர மறுத்தார். வரி, அது இது என்று பயம். கூலிக்கணக்கு மட்டுமே தேவை என்று புரியவைத்த பிறகு வந்தார். தை மாதப் பக்கங்களை மட்டும் காட்டியிருந்தால் மாதம் 18,000 வரை வரும். ஒரு வருடப் பக்கங்களையும் ஆடி, மார்கழி உட்பட அப்படியே கொடுத்தோம். சராசரி 11,000 சொச்சம். குறைந்த மாதங்களையும் மறைக்காமல் காட்டிய நோட்டைக் குறுக்கு விசாரணையில் யாராலும் ஆட்ட முடியவில்லை. எழுத்து ஆதாரமே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. காய்கறி வியாபாரி ஒருவர் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்டவர்களிடம் வருமானத்துக்கு ஆவணம் கேட்பது நியாயமில்லை என்று சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என்று தானே எடுத்துக்கொண்டது.

தீர்ப்பு

2024 இறுதியில் தீர்ப்பு வந்தது. கவனக்குறைவில் பேருந்துக்கு 60, லாரிக்கு 40. முழங்கைக்காக எந்தக் கழிவும் இல்லை.

மாத வருமானம் 10,000 என்று எடுத்தார்கள். 40 வயதுக்குக் கீழ் உள்ள சுயதொழில் செய்பவர் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி 14,000. இது 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பில் வந்த கணக்கு. அது உயிரிழப்புக்கு மட்டும்தான் என்று கழகம் வாதிட்டது. காயம்பட்டவர்களுக்கும் உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் வாதம் நிற்கவில்லை. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கி எண், அதாவது வருட வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 15. இது 2009-இன் சர்லா வர்மா தீர்ப்பில் உள்ள அட்டவணை. சம்பாதிக்கும் திறன் இழப்பு 50 சதவீதம். ஆக 14,000 × 12 × 15 × 50% = 12,60,000 ரூபாய். 13 சதவீதமாக எடுத்திருந்தால் இதே கணக்கு 3,27,600-இல் நின்றிருக்கும்.

மருத்துவச் செலவு 86,400. செலவழித்தது இன்னும் அதிகம். பில் இருந்தது இவ்வளவுக்குத்தான். சிகிச்சைக் கால வருமான இழப்பு 60,000. வலிக்கும் வேதனைக்கும் 75,000, வாழ்க்கை வசதி இழப்புக்கு 75,000, உதவியாளர் செலவு 30,000, போக்குவரத்து 15,000, சத்துணவு 20,000. மொத்தம் 16,21,400, மனுத் தேதியிலிருந்து 7.5 சதவீத வட்டி.

பணம் கைக்கு வந்த விதம்

காப்பீட்டு நிறுவனம் தன் 40 சதவீதத்தை வட்டியோடு மூன்று மாதத்துக்குள் கட்டிவிட்டது. கழகம் கட்டவில்லை. தனியார் வண்டிக்குக் கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்பீட்டிலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு 146-ஆம் பிரிவில் விலக்குப் பெற வழி உண்டு. தனி நிதி வைத்துக்கொண்டு தாங்களே கொடுக்க வேண்டும். அந்த நிதி எப்போதும் இழுபறிதான். பேருந்து நிலையத்தில் பயணிகளை இறக்கிவிட்டு நீதிமன்ற ஊழியர்கள் அரசுப் பேருந்தை ஜப்தி செய்யும் செய்தி நம் நாளிதழ்களில் அடிக்கடி வருவது இதனால்தான்.

முழுத் தொகையையும் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்கலாமே என்று தோன்றும். கேட்டோம். தீர்ப்பின் கடைசிப் பத்தியில் ‘அவரவர் பங்கைச் செலுத்த வேண்டும்’ என்று மட்டும் இருந்தது. ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்ற சொற்கள் இல்லை. நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டது. திருத்த மனு, மறுபடி வாதம் என்று போவதைவிடக் கழகத்தின் மேல் நிறைவேற்று மனு (தீர்ப்புத் தொகையை வசூலித்துத் தரக் கேட்கும் மனு) போடுவது வேகம் என்று முடிவு செய்தோம். பேருந்தை ஜப்தி செய்ய உத்தரவு கேட்டதும், கழகம் 90 நாள் கெடு தாண்டிய மேல்முறையீட்டை, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போட்டது. கூடவே மக்கள் நீதிமன்றத்தில் பேசலாம் என்ற தகவலும் வந்தது.

அன்றைக்குக் கழகத்தின் பங்கு வட்டியோடு 11 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அவர்கள் 9 லட்சத்தில் தொடங்கினார்கள். மனுதாரரிடம் இரண்டு பக்கமும் சொன்னோம்: மேல்முறையீட்டில் நம் வாதம் வலுவானது, ஆனால் பட்டியலில் வர வருடங்கள் ஆகலாம், 50 சதவீதத்தை 40 என்று குறைக்கவும் வாய்ப்பு உண்டு, மக்கள் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டால் அதுவே முடிவு, அதற்கு மேல் யாரும் மேல்முறையீடு செய்ய முடியாது. அவர் கேட்ட ஒரே கேள்வி, “பணம் எந்தத் தேதிக்குள்ள வரும்?” எட்டு வாரம் என்று எழுதி வாங்கி, 10 லட்சத்து 75 ஆயிரத்துக்கு முடித்தோம். சொன்ன கெடுவுக்குள் வந்தது. ஒரு பகுதி நிரந்தர வைப்பில், மீதி நேராக அவருடைய வங்கிக் கணக்கில்.

அடுத்த வழக்கில் வேறு மாதிரிச் செய்ய வேண்டியவை

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியில் காயம் எப்படி ஏற்பட்டது என்ற வரியைப் படித்து, தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்ல வேண்டும். மருத்துவக் குழு முன் நிறுத்தும்படி கேட்கும் மனுவை முதல் விசாரணைத் தேதியிலேயே போட வேண்டும்; இந்த வழக்கில் குழுவின் தேதிக்கே ஐந்து மாதம் போனது. இரண்டு வண்டி வழக்கு என்றால் மனுவின் வேண்டுகோளிலும் எழுத்து வாதத்திலும் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று கேட்டு, அது தீர்ப்பின் கடைசிப் பத்தியில் வந்திருக்கிறதா என்று தீர்ப்பு வந்த அன்றே பார்க்க வேண்டும்.

காவல்துறை தரப்பிலும் ஒன்று மாற வேண்டும். 2022 விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். அதில் பெயர் விடுபடாமல் இருந்தால், இந்தக் குடும்பம் எங்களைத் தேடி வருவதற்கு முன்பே வழக்கு தொடங்கியிருக்கும். இன்றைக்கு யாராவது கேட்டால் நான் சொல்லும் முதல் வேலை, விபத்து நடந்த வாரத்திலேயே காவல் நிலையம் போய், காயம்பட்டவர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது.

மனுதாரர் இப்போது பூக்கட்டுவதில்லை. வைப்புத் தொகை போக மிச்சத்தில் கடனை அடைத்து, சந்தை வாசலில் ஒரு தட்டுக்கடை போட்டிருக்கிறார்; கட்டுவதற்கு ஆள் வைத்துக் கூலி கொடுக்கிறார். லாரி ஓட்டுநர் மீதான குற்ற வழக்கு இன்னும் சாட்சி விசாரணையில் இருக்கிறது. அதற்குச் சாட்சி சொல்ல அவருக்கு மறுபடி சம்மன் வந்திருக்கிறது.